தீப்பெட்டிப் படம் போட்டவர் பெயர்

ஒரு தீப்பெட்டியின் முகம் எவ்வளவு பெரியது? ஸ்கேல் வைத்து அளந்தால் சுமார் 5 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கும். இதற்குள் மார்க்கின் பெயர் வரவேண்டும், தொழிற்சாலையின் பெயரும் ஊரும் வரவேண்டும், 'சேஃப்டி மேட்சஸ்', 'மேட் இன் இந்தியா', உள்ளே சராசரியாக எத்தனை குச்சி என்ற கணக்கு... எல்லாம் வரவேண்டும். இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற இரண்டு விரல் அகலத்தில் ஒரு ஆள் சிறுத்தையோடு சண்டை போடவேண்டும். போட்டான்! 'சீட்டா ஃபைட்' தீப்பெட்டியைத் தெரியாத அம்மாவோ பாட்டியோ தமிழ்நாட்டில் இருப்பது கஷ்டம். ஆனால் அந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் மட்டுமில்லை, கடையில் கேட்டாலும் பதில் வராது.

கேள்வியே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். தீப்பெட்டிப் படத்துக்கெல்லாம் யார் ஓவியர் என்று கேட்பார்கள்? கேட்கிறார்கள், சேகரிக்கிறவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு வருவோம். முதலில் கோவில்பட்டிக்குப் போகலாம்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் என்று போகும் இந்த வட்டாரம் முழுக்கக் கரிசல் மண். மழை குறைவு. பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து, பாசி என்று ஒரு போகம். மற்ற மாதங்களில் நிலமும் சும்மா கிடக்கும், கைகளும் சும்மா கிடக்கும். இந்த வறட்சியே ஒரு தொழிலுக்குத் தோதாக அமைந்தது. மருந்து முக்கிய குச்சி காய்வதற்கு ஈரமில்லாத காற்று வேண்டும். கூலிக்கு ஆள் வேண்டும். இரண்டும் இங்கே தாராளமாகக் கிடைத்தன. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923ல் ஊர் திரும்பினார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதன்பிறகு ஊருக்கு ஊர் 'தீப்பெட்டி ஆபீஸ்' வந்தது. (நாற்காலியும் கிடையாது, ஃபைலும் கிடையாது, ஆனாலும் அது ஆபீஸ்தான். கரிசல்காட்டில் வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது.) மரம் மட்டும் மேற்கே மலை தாண்டிக் கேரளாவிலிருந்து வந்தது.

அதே 1923ஐ ஒட்டித்தான் ஸ்வீடன்காரர்களின் 'விம்கோ' கம்பெனியும் இந்தியாவில் இயந்திரங்களோடு இறங்கியது. பணபலம், இயந்திரபலம் இரண்டும் அவர்களிடம். 1934ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பிற்பாடு கையால் செய்கிற சின்னத் தொழிற்சாலைகளுக்கு வரியில் சலுகை கொடுத்தார்கள். படக்கதை தொடங்குவது இந்தச் சலுகையில்தான். பெரிய கம்பெனி என்றால் நாலைந்து மார்க் போதும், நாடு முழுக்க அதையே விற்கலாம். சின்ன ஆபீஸ்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் வேண்டும். ஒரே முதலாளி பீகாருக்கு ஒரு மார்க், வங்காளத்துக்கு ஒரு மார்க், ஆந்திராவுக்கு ஒரு மார்க் என்று வைத்திருப்பார். மார்க் என்றால் படம். வரிச்சட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சலுகை ஆயிரக்கணக்கான குட்டிப் படங்களுக்கு வழி பண்ணிவிட்டது. கலை வளர்த்த வள்ளல் என்று யாருக்காவது சிலை வைப்பதாக இருந்தால் கலால் இலாகாவுக்குத்தான் வைக்கவேண்டும் :-)

ஏன் படம்? எழுத்துப் போதாதா? பெட்டிக்கடைக்கு வருகிறவர் எழுத்துக் கூட்டி வாசிக்கமாட்டார். "அண்ணாச்சி, குதிரை மார்க் ஒண்ணு குடுங்க" என்பார். பீகாரில் வேறு பாஷையில் இதையே கேட்பார்கள். படம்தான் பெயர். ஆகவே குதிரை, யானை, கப்பல், மயில், ரோஜா, மாம்பழம், கடிகாரம், விளக்கு, சாவி என்று கண்ணில் பட்டதும் வாயில் வரும் பொருளாகப் பார்த்துப் போட்டார்கள். சுதந்திரப் போராட்ட காலத்தில் ராட்டையும் காந்தியும் பாரதமாதாவும் வந்தார்கள். பிறகு ரேடியோ, விமானம், ராக்கெட், கிரிக்கெட் மட்டை. இவற்றோடு கூடவே இன்னொரு கூட்டமும் உண்டு: பெண்முகமும் சிறகும் கொண்ட காமதேனு, இரண்டு தலைக் கழுகு, கடல்கன்னி, சிங்கத்தோடு மல்லுக்கட்டும் வீரன், பறக்கும் குதிரை. சேகரிக்கிறவர்கள் இந்த மாயாஜாலக் கூட்டத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரு மார்க் நன்றாக விற்றால் என்ன நடக்கும்? பக்கத்து ஆபீஸ்காரர் ஆர்டிஸ்டிடம் வருவார். 'அதே மாதிரி வேணும், ஆனா அது இல்ல' என்பார். இரண்டு புலி விற்றால் இரண்டு சிறுத்தை. சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் குதிரை ஓடினால் அதே சிவப்பில் வெள்ளைக் கழுதை கூட ஓடியிருக்கும், யாராவது துணிந்திருந்தால். வணிகச் சின்னச் சட்டம் 1940லேயே வந்துவிட்டது, 1958ல் புதிதாக ஒன்று, 1999ல் இன்னொன்று. ஆகவே கோர்ட்டில் 'இது வேறு' என்று நிற்கவேண்டும், கடையில் 'இதுதான் அது' என்று நிற்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம். அதில் தூரிகை ஓட்டுவது சாதாரண வேலையா? கலைக் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் வைத்திருந்தால் பாதிப்பேர் ஃபெயில் ஆகியிருப்பார்கள்.

வேலை நடக்கும் விதத்தையும் பார்க்கவேண்டும். படத்தை ஐந்து சென்டிமீட்டரிலேயே யாரும் வரைவதில்லை. பெரிதாக வரைந்து சுருக்குவார்கள். சுருக்கும்போது என்ன காணாமல் போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வரையவேண்டும். மெல்லிய கோடு மறைந்துவிடும். மென்மையான நிழல் அழுக்காகிவிடும். அதனால் புறக்கோடு தடிமன், நிறம் பளிச், கண்ணின் வெள்ளை தேவைக்கு மேல் வெள்ளை. பழைய லித்தோ முறையில் படத்தைக் கல்லுக்கு மாற்ற இன்னொரு கைக்காரர் வேண்டும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், கறுப்புக்கு ஒரு கல். புலியின் வயிற்றில் மஞ்சள் மெல்ல வெளுக்கவேண்டும் என்றால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிகளைப் போகப்போக அகலவிட வேண்டும். நேரடியாகக் கல்லிலிருந்து அச்சாகும் காலத்தில் எழுத்தையெல்லாம் இடம் வலமாக மாற்றி எழுதவேண்டும். தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுதப் பழகிய கைகள் அவை. அதிலும் சிலருக்கு இந்தி வாசிக்கவே தெரிந்திருக்காது, உருவத்தைப் பார்த்து எழுதுவதுதான். அச்சில் ஒரு நிறம் நூலளவு நகர்ந்தால் கன்னியின் உதட்டுச் சிவப்பு தாடைக்குப் போய்விடும். அப்படி நகர்ந்ததும் பெட்டியில் ஒட்டப்பட்டு ஊர் ஊராகப் போனதுதான், யார் திருப்பி அனுப்பினார்கள்?

1920களின் கடைசியில் சிவகாசிக்கு லித்தோ அச்சகம் வந்ததற்கே இந்த லேபிள் தேவைதான் பெரிய காரணம். காலண்டர், டைரி, வெடிப் பெட்டி மேல் படம், பள்ளிக்கூட நோட்டு அட்டை எல்லாம் அந்த வழியில் பின்னால் வந்தவை. கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக சிவகாசி போய்வருவது பெரிய தூரமில்லை. ஒரு ஊரில் படம், இன்னொரு ஊரில் அச்சு, மறுபடி முதல் ஊரில் பெட்டி என்று காகிதம் அலைந்துகொண்டே இருந்தது.

அச்சான தாள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பசையோடு, பெட்டி ஒட்டுகிற கைகளுக்கு வரும். இந்த இடத்தில் ஆல்பத்தின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டு தாண்டிப் போகமுடியாது. அந்தக் கைகளில் பல, சின்னக் கைகள். விடியுமுன்னே ஊர்களுக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் பஸ்களை இந்த வட்டாரத்தில் வயதானவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளரான பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படம் எடுத்தார், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் குழந்தைகளைப் பற்றியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சிவகாசி குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை பேசப்படும் ஒரு பழைய லேபிள் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் கோணலுக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தூக்கம் காரணமாக இருக்கலாம். படம் போட்டவர் பெயர் தெரியவில்லை என்று வருத்தப்படும்போது ஒட்டியவரின் பெயரும் தெரியாது என்பதைச் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

சரி, இதே கோவில்பட்டியில் பெயர் நிலைத்த ஓவியர் ஒருவர் உண்டு. சி. கொண்டையராஜு. 1898ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளோடு சேர்ந்து படுதா வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் நொடித்துப்போக, அவர் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படி வந்ததுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று சீடர்கள்தான் குடும்பம். அவரும் சீடர்களும் போட்ட முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக நாடு முழுக்கப் போயின. சாமிக்குப் பின்னால் நிற்கும் தூண்கள், தொங்கும் திரை, தூரத்து மாளிகை எல்லாம் நாடகப் படுதாவிலிருந்து நேராக நடந்து வந்தவை. 1976ல் அவர் காலமானார். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடி எழுதினார்கள், புத்தகம் போட்டார்கள்.

திறமை ஒரு பெரிய காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு. காலண்டரில் இடம் இருந்தது. சாமியின் காலடியில், வலதோ இடதோ ஒரு மூலையில், 'சி. கொண்டையராஜு' என்றோ, சீடர் பெயரையும் சேர்த்தோ ஒரு வரி எழுதலாம். படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் பெயரும் சுவரேறிவிடும். தீப்பெட்டியில் அந்த மூலையில் ஏற்கெனவே 'சராசரி 50 குச்சிகள்' உட்கார்ந்திருக்கிறது. கரிசல்காட்டு வீடுகளின் பூஜை மாடத்தை நினைத்துப் பாருங்கள். மேலே கையெழுத்தோடு முருகன், கீழே சூடம் கொளுத்த ஒரு தீப்பெட்டி. இரண்டும் சிவகாசி மையில் நனைந்தவைதான். ஒன்று வருடக்கணக்கில் சுவரில் நிற்கும், மற்றது குச்சி தீர்ந்ததும் அடுப்புக்குள் போகும்.

அடுப்புக்குப் போகாமல் தப்பித்தவைதான் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. தீப்பெட்டி லேபிள் சேர்ப்பதற்கு 'ஃபில்லுமெனி' என்று பெயர். 1943ல் மார்ஜரி எவன்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி வைத்த பெயர் அது. பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிள் தானாகக் கழன்றதும், மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் வைத்துக் காயவைத்து, ஆல்பத்தில் சேர்க்கவேண்டும். சுரண்டினால் போச்சு. அச்சகத்திலிருந்து வெளிவந்து பெட்டியையே பார்க்காத லேபிளுக்கு மவுசு அதிகம். இந்திய லேபிள்களின் நிறமும் விசித்திரமும் உலகச் சேகரிப்பாளர்களை இழுத்தன. 2007ல் மட்டும் இரண்டு புத்தகங்கள் வந்தன. அமெரிக்காவில் வாரன் டாட்ஸ் போட்டது ஒன்று, சென்னை தாரா பதிப்பகத்துக்காக ஷாஹித் தாதாவாலா செய்தது இன்னொன்று.

ஐந்து சென்டிமீட்டர் உலகத்தில் ஓவியருக்குப் பெயர் கிடைக்கவே முடியாதா என்றால், முடியும். இதைவிடச் சின்ன ஒரு உலகத்தில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பொம்மைப் போர்வீரர்களை மேஜைமேல் அடுக்கி விளையாடும் பழக்கம் ரொம்பப் பழையது. எச்.ஜி. வெல்ஸ் 1913லேயே அதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். 1983ல் 'வார்ஹாமர்' என்ற விளையாட்டு வந்தபிறகு வீரர்களோடு பூதங்களும் டிராகன்களும் எலும்புக்கூட்டுப் படையும் சேர்ந்துகொண்டன. ஈயக் கலவையில் வார்த்த, 3 சென்டிமீட்டர்கூட இல்லாத பொம்மைகள். வாங்குகிறவர்தான் பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். முடியாதவர்கள் கைதேர்ந்தவர்களிடம் காசு கொடுத்து அடித்து வாங்குவார்கள். 1980களின் பொம்மைகளுக்கு இன்று நல்ல கிராக்கி. யாரோ சின்னப் பையன் அப்பியிருந்த பழைய பெயின்ட்டை நீக்க அதை டெட்டாலில் ஊறப்போடுகிறார்கள். (நம் வீட்டு டெட்டாலேதான்!) பிறகு பள்ளத்தில் கறுப்புக் கரைசல் ஓடவிட்டு, மேட்டில் வெளிர் நிறம் தொட்டு, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுருங்கினாலும் தெரியவேண்டும் என்பதற்காகச் சிவகாசி ஆர்டிஸ்ட் செய்த அதே மிகைப்படுத்தல்தான் இதுவும்.

ஆனால் அங்கே எந்தப் பூதத்தை யார் செதுக்கினார் என்று பெயர் சொல்கிறார்கள். பெரி சகோதரர்கள் செய்தது என்றால் விலையே வேறு. அடித்த பெயின்ட்டுக்கு 1987லிருந்து 'கோல்டன் டீமன்' என்று போட்டியும் பரிசும் உண்டு. பொம்மையில் கையெழுத்துப் போட அங்கேயும் இடம் கிடையாது. ஆனாலும் கம்பெனியின் பத்திரிகையும் விலைப்பட்டியலும் ஓவியர் பெயரையும் சிற்பி பெயரையும் அச்சிட்டன. வாங்கினவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே சேகரிப்பாளரின் பட்டியலில் மார்க் பெயர் இருக்கும், தொழிற்சாலை இருக்கும், ஊர் இருக்கும், குத்துமதிப்பாக வருடம் இருக்கும். வரைந்தவருக்கு என்று ஒரு கட்டமே போடுவதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதை அடுக்கிய கடையிலேயே நின்ற குட்டிப் படங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது அந்தத் தொழிலும் பழைய மாதிரி இல்லை. கல் போய், துத்தநாகத் தகடு போய், ஆஃப்செட் வந்து, படத்தைக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள். மரச்செதில் பெட்டிக்குப் பதில் அட்டைப்பெட்டி வந்தபிறகு படம் அட்டையிலேயே அச்சாகிவிடுகிறது, ஊறப்போட்டுக் கழற்ற லேபிளே கிடையாது. போர்டு எழுதிப் பிழைத்த ஆர்டிஸ்ட்களை ஃப்ளெக்ஸ் பேனர் வீட்டுக்கு அனுப்பியது. 2007லிருந்து ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் தடை வந்தபோது கோவில்பட்டிக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். தொழில் பிழைக்கட்டும். படம் போட்டவர்கள் கதை வேறு. 1965ல் இருபது வயதில் ஒரு அச்சகத்தில் கல்லில் புள்ளி வைக்க உட்கார்ந்த பையனுக்கு இன்றைக்கு எண்பது தாண்டிவிட்டது.

லேபிள் சேர்க்கிறவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். ஆல்பத்தோடு ஒருமுறை கோவில்பட்டிக்கோ சிவகாசிக்கோ பஸ் ஏறினால், பழைய அச்சகத் தெருக்களில் விசாரித்தால், 'இந்தப் புலி எங்க மாமா போட்டது' என்று சொல்ல யாராவது கிடைப்பார்கள். அவர்கள் சொல்லும் பெயரை லேபிளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கலாம். அங்கே சராசரி குச்சிக் கணக்கு எதுவும் கிடையாது.